அவள் பெயர் எழுதிய பெட்டி

ஓகஸ்ட் 2. கட்டுநாயக்கவிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டேன். மாத்தளை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் திகதி இருந்தபடியால் என் மனைவி உடன் வரவில்லை. அவளுடைய தங்கை நாவுலவிலிருந்து வந்து துணைக்குத் தங்கினார்.

ஓகஸ்ட் 7. மகனின் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

ஓகஸ்ட் 8. ஐம்பது அங்குலத் தொலைக்காட்சி ஒன்று வாங்கப்பட்டது. அதைத் தெரிவு செய்தவள் என் மனைவி, தொலைபேசி வழியாக.

ஓகஸ்ட் 10. தொலைக்காட்சியுடன் நாடு திரும்பி, மாலையில் பலாபத்வல வீட்டை அடைந்தேன். பெட்டி பிரிக்கப்படவில்லை.

ஓகஸ்ட் 11. விடியற்காலையில் என் மனைவி இறந்தாள். மாரடைப்பு என்று வைத்தியர் எழுதினார்.

ஓகஸ்ட் 13. நல்லடக்கம்.

ஓகஸ்ட் 16, ஞாயிறு. ஏழாம் நாள் செபத்துக்கு முதல் நாள், துக்க வீட்டில் தொலைக்காட்சி போடப்பட்டது. போட்டவன் நான்.

மேலுள்ள வரிகளில் பிழை எதுவும் இல்லை. ஆசிரிய கலாசாலையில் நீண்ட காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், நடந்ததை நடந்த வரிசையில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. கடைசி வரிக்கு மட்டும் பலர் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கேட்காதவர்கள் எனக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். விளக்கம் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தொலைக்காட்சி எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்பது தெரியாமல் யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசக்கூடாது. அதற்காக எழுதுகிறேன்.

என் மனைவி கணித ஆசிரியை. இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற வருடத்தில் அவளுக்குக் கிரிக்கட் பிடித்தது. அதற்குப் பிறகு விட்டதே இல்லை. மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், அவள் திருத்துவாள். பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்கும்போதே, "ஷோர்ட் போடப்போறான், கட்டாயம் அடி வாங்குவான்" என்று சொல்லிவிட்டு, அடி வாங்கியதும், பரீட்சையில் தோற்ற மாணவியைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்ப்பாள். பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குத் தந்தையே அவளிடம் ஸ்கோர் விசாரிப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய கண்களின் நடுப்பகுதி பழுதானது. எதையும் நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் சாம்பல் நிறப் பொட்டு ஒன்றுதான் தெரியும். ஓரங்களில் மட்டும் பார்வை மிஞ்சியிருந்தது. ஆகவே முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணின் ஓரத்தால் பார்க்கப் பழகிக்கொண்டாள். அவளைத் தெரியாதவர்கள், தங்களுடன் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார்கள். தெரிந்தவர்களுக்கும் சில சமயம் அந்தச் சந்தேகம் வந்தது.

வீட்டிலிருந்த பழைய தொலைக்காட்சி சிறியது. அதில் பந்து அவளுக்குத் தெரியவில்லை.

"பந்து எங்க போச்சுன்னு ஆளுங்க ஓடுறத வச்சுத்தான் கண்டுபுடிக்கிறேன்," என்றாள் ஒருநாள். "இப்பிடியே போனா, கொஞ்ச நாள்ல கத்துற சத்தத்த வச்சுக் கண்டுபுடிக்கணும்."

பெரிய திரை வேண்டும் என்பது அன்று முடிவாயிற்று. வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவளுடைய முடிவு. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சாமானுக்குத் தனி மரியாதை உண்டு, உள்ளூர்க் கடையில் வாங்கியது எவ்வளவு நல்லதானாலும் "இங்க எடுத்ததா?" என்று ஒரு கேள்வி வரும். இந்த விடயத்தில் என் மனைவி ஊரோடு ஒத்துப்போனாள். அவள் ஊரோடு ஒத்துப்போன விடயங்கள் குறைவு.

துபாயில் கடைக்குப் போனபோது மகன் தொலைபேசியில் வீட்டை அழைத்தான். திரையில் என் மனைவியின் ஒரு காதும் அவளுடைய தங்கையின் முழு முகமும் தெரிந்தன. சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தொலைபேசியைப் பிடித்து, "இது தெரியுதா? இது?" என்று கேட்டுக்கொண்டு போனேன்.

"என்னங்க," என்றாள் அவள், "நீங்க எவ்வளவு பெரிய டீவியக் காட்டினாலும் இங்க என் போன் அளவுக்குத்தானே தெரியும்? நீங்கதானா கலாசாலையில பாடம் சொல்லிக் குடுத்த ஆளு?"

விற்பனையாளர் கேரளத்து மனிதர். அவருக்கு விளங்கிவிட்டது, வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பிறகு அவளே வழி சொன்னாள். "போனை மகன்கிட்ட குடுங்க. நீங்க டீவிக்கு முன்னுக்குப் போய் நில்லுங்க. அப்பிடியில்ல, கிளாஸ்ல புள்ளைகளுக்கு ஏசுவீங்களே, அப்பிடி இடுப்புல ரெண்டு கையையும் வச்சு நில்லுங்க. உங்க அகலம் எனக்குத் தெரியும்."

இடுப்பில் கை வைத்து, முழங்கைகளை விரித்து, ஒவ்வொரு தொலைக்காட்சியின் முன்னாலும் நின்றேன். கடைக்கு வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

"அது சின்னது. உங்களுக்குப் பின்னால மறைஞ்சிருச்சு. அடுத்தது. ம்ஹூம். அடுத்தது."

"அக்கா, அத்தானப் பாரேன், றெக்கைய விரிச்ச சம்மனசு செல மாதிரி நிக்கிறாரு," என்று தங்கை சிரிப்பது கேட்டது. இந்தச் சிரிப்பை இங்கே குறித்துவைக்கிறேன். பிறகு வேண்டியிருக்கும்.

"அந்தா, அதுதான்," என்றாள் மனைவி. "ரெண்டு முழங்கைக்கும் வெளியில போகுதே, அத எடுங்க."

அப்படித்தான் அது வாங்கப்பட்டது. பொதி செய்வதற்கு முன், திரையில் கறுப்புப் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று போட்டுக் காட்டும்படி கேட்டேன். தூர தேசத்துக்குக் கொண்டுபோகிறவன் கேட்க வேண்டிய கேள்வி அது. விற்பனையாளர் போட்டுக் காட்டினார். படம் சுத்தமாக இருந்தது. அவர் அதைப் போடும்போது எந்த மொழியில் போட்டார் என்று நான் கவனிக்கவில்லை.

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களின் பெட்டிகளில் பெரிய எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். மகன் தடித்த கறுப்புப் பேனாவை எடுத்து, "உங்க பேரத்தானே எழுதணும்?" என்று கேட்டான். இல்லை என்றேன். பெட்டியின் இரண்டு பக்கங்களிலும், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவில், அவன் தாயின் பெயரை எழுதினான். கீழே, மாத்தளை.

கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரி பெயரை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மிஸிஸ் எங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வீட்டில்."

"அப்ப நீங்க யாரு?"

"தூக்கி வருகிறவன்."

அவர் சிரித்தார். "கிரிக்கட் மெச் பார்க்கவா?"

"அவருக்கு."

"அப்ப வெரசாப் போங்க. ஞாயித்துக்கெழம மெச் இருக்கு."

அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் அவளும் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேன் வீட்டு வாசலில் நின்றபோது வீதியில் எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் ஊரில் யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் முதலில் வேனின் பின்கதவைப் பார்ப்பார்கள். ஆளைப் பிறகு பார்ப்பார்கள். பெட்டியைக் கூடத்தில் நிமிர்த்தி வைத்ததும் என் மனைவி அருகே வந்தாள். முகத்தை வலப்பக்கம் திருப்பி, பெட்டியின் பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள்.

"என் பேரு," என்றாள். "வாசிக்க முடியுதுங்க."

கிளினிக்கில் சுவரிலிருக்கும் பலகையில் முதல் எழுத்தைக் கூட அவளால் சொல்ல முடியாமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"இப்பவே பிரிக்கவா?" என்று கேட்டேன்.

"வேணாம். நாளைக்குப் பகல்ல பிரிப்போம். வெளிச்சத்துல பார்த்தாத்தான் எனக்குத் தெரியும். திரையில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்க மட்டும் நீங்க உரிச்சிறாதீங்க. அது என் வேல." பிறகு, தங்கைக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம மெச்ச இதுலதான் பார்க்கிறோம். யாரு வந்தாலும் போனாலும் சரி, என்ன நடந்தாலும் சரி, நான் எழும்ப மாட்டேன். என்ன?"

"சரி," என்றேன்.

நான் அதிகம் வாக்குக் கொடுக்கிறவன் அல்ல. கொடுத்தவற்றில் இது கடைசி. இதைக் காப்பாற்றுவதா இல்லையா என்பதே அடுத்த சில நாட்களில் எனக்கு மிச்சமிருந்த ஒரே கேள்வி. மற்றக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது.

அவள் இறந்ததைப் பற்றி எழுதமாட்டேன். அது மேலே ஒரு வரியில் இருக்கிறது. அது போதும்.

துக்க வீட்டில் பழைய தொலைக்காட்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து வெள்ளைச் சீலை போட்டார்கள். எங்கள் வழக்கம் அது. முப்பதாம் நாள் பூசை முடியும்வரை அந்த வீட்டில் வானொலியோ தொலைக்காட்சியோ ஒலிக்கக்கூடாது. அதே கையோடு யாரோ பெட்டிக்கும் ஒரு வெள்ளைச் சீலை போட்டுவிட்டார்கள். உயரம் வசதியாக இருந்தது போலும். கொஞ்ச நேரத்தில் அதன் தலையில் பிஸ்கட் தட்டும் பிளேன்டீக் கோப்பைகளும் ஏறின. நான் எழுந்து போய்க் கோப்பைகளை மேசைக்கு மாற்றினேன். சீலை மைத்துனியுடையது, மடித்து அவரிடம் கொடுத்தேன். பெயர் வெளியே தெரிந்தது. ஒரு பக்கம் சவப்பெட்டி. மறுபக்கம் அவள் பெயர் எழுதிய பெட்டி. வந்தவர்கள் இரண்டையும் பார்த்தார்கள்.

வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குள் இருவர் பேசிக்கொண்டது சன்னல் வழியாகக் கேட்டது.

"மனுஷி அந்த நெலமையில இருக்கையில டீவி வாங்கப் போயிருக்காரு பாருங்க. படிச்ச மனுஷன்."

"பேரப்புள்ளைக்கு ஞானஸ்நானம்னுல்ல சொன்னாங்க?"

"அது சாட்டு. விஷயம் டீவிதான்."

வெளியே போனேன். அவர்கள் முன்னால் நின்றபோதுதான் என் இரண்டு கைகளும் இடுப்பில் இருப்பதை உணர்ந்தேன். எடுக்கவில்லை.

"டீவி வாங்கத்தான் போனேன்," என்றேன். "அம்பது இஞ்சி. அளவு சொன்னது அவங்க. வேற ஏதாவது தெரியணுமா?"

ஒருவர் எழுந்து தன் கதிரையை எனக்குக் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

மகன் விமானம் பிடித்து வந்து, நல்லடக்கம் முடிந்து, சனிக்கிழமை திரும்பினான். போகுமுன் அவனும் அவனுடைய சித்தியும் கூடி ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார்கள். முப்பதாம் நாளுக்குப் பிறகு அந்தத் தொலைக்காட்சியைக் கோயில் மண்டபத்துக்குக் கொடுத்துவிடுவது. கீழே அம்மாவின் பெயரைப் பொறித்த சிறு தகடு ஒன்று.

"அம்மா பேரு நிலைச்சு நிக்கும்பா," என்றான்.

"பேரு ஏற்கெனவே பெட்டியில எழுதியிருக்கு. நீதான் எழுதின," என்றேன். அவன் தன் பயணப் பையைப் பூட்டினான். நல்ல பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் கழிந்து, வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், மைத்துனி, எல்கடுவத் தோட்டத்திலிருந்து வரும் பெண் ஒருவர். இந்தப் பெண் குவைத்தில் எட்டு வருடங்கள் வீட்டு வேலை செய்து திரும்பியவர். கண் பழுதான காலத்திலிருந்து என் மனைவிக்குச் சமையலில் கைகொடுத்தவர். இருவரும் சேர்ந்து எல்லா மெச்சுகளையும் பார்த்தவர்கள். நான் கத்தியை எடுத்துப் பெட்டியின் நாடாவை அறுத்தபோது, ஒன்றும் கேட்காமல் வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

மைத்துனி குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன அத்தான் செய்றீங்க?"

"பெட்டியப் பிரிக்கிறேன்."

"ஏழு கூட முடியல்லியே!"

"தெரியும்."

"முப்பது வரைக்கும் ரேடியோ கூடப் போட மாட்டாங்க. எங்க அப்பா செத்தப்ப எங்க வீட்ல ஒரு வருஷம் போடல்ல, தெரியுமா?"

"உங்க அப்பா மெச் பார்க்கிறவரில்ல."

"பகிடி பண்ணாதீங்க. சாயந்திரம் செபமாலைக்கு ஆளுங்க வருவாங்க. ஊரு என்னா சொல்லும்? ஃபாதர் என்னா நெனப்பாரு?"

"ஃபாதர் ஸ்கோர் கேட்பாரு. வழக்கமா அவங்ககிட்ட கேட்பாரு. இனி என்கிட்ட கேட்கட்டும்."

மைத்துனியின் கண்கள் நிறைந்தன. "அக்காவுக்கு இந்த மரியாத கூடக் குடுக்க முடியலையா உங்களுக்கு?"

இந்தக் கேள்வி நியாயமானது. பதிலையும் நியாயமாகவே சொன்னேன். துக்க வீடு அமைதியாக இருப்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வீட்டில், மெச் நடக்கும் நாளில், அவள் அமைதியாக இருந்ததை யார் கண்டது? திங்களன்று மாலை இதே இடத்தில் நின்று, என்ன நடந்தாலும் சரி என்று அவள் சொன்னபோது நீங்களும் இருந்தீர்கள். கடையில் நான் சிலை மாதிரி நின்றதைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் இருந்த மரியாதை எனக்குத் தெரியும். இந்த அமைதியின் மரியாதை எனக்குப் பழக்கமில்லை.

அவர் உள்ளே போய்த் தன் பையை அடுக்கத் தொடங்கினார். வெள்ளைச் சீலையைக் கதிரைமேல் விட்டுவிட்டு, "நாளைக்கு ஏழாம் நாளுக்கு வருவேன். அக்காவுக்காக," என்று சொல்லி, நாவுல பஸ் பிடிக்கப் பிரதான வீதிக்கு நடந்தார். படலைவரை பையைத் தூக்கிவந்து கொடுத்தவன் நான். தடுக்கவில்லை. அவர் தன் வழக்கத்தைக் காப்பாற்றினார். நான் என் வாக்கை. இருவரில் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். அந்த ஒருவர் நானாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கருத்து.

கால்களைப் பூட்டி, தொலைக்காட்சியை மேசைமேல் நிறுத்தினோம். பிளக்கில் சதுர முள்; எங்கள் பழைய சுவரில் வட்டத் துளை. இடையில் போடும் கட்டையைக் குசினியில் ரைஸ் குக்கரிலிருந்து கழற்றி வந்தோம். ஆளியைப் போட்டேன்.

திரை வெளிச்சமானது. உள்ளிருந்து ஒரு பெண் குரல், மிகவும் சத்தமாக, அரபு மொழியில் ஏதோ அறிவித்தது.

கடைக்காரர் போட்டுக் காட்டியபோது எல்லாவற்றையும் அரபில் அமைத்துவிட்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண் தெரியாதவர்களுக்காக, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரலும் இயங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு உதவும் என்று அந்த வசதியைக் கேட்டு வாங்கியவன் நானே. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்தக் குரல் பேசியது. எழுத்துக்கள் வலமிருந்து இடமாக ஓடின. ஆட்டம் தொடங்க அதிக நேரம் இல்லை.

குரல் வீதியைக் கடந்திருக்க வேண்டும். எதிர்வீட்டு ஹாஜியார், மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் வியாபாரி, தொப்பியைச் சரிசெய்துகொண்டே படலையைத் திறந்தார்.

"சேர், ஒங்கட ஊட்ல அரபில பேச்சுக் கேக்குது?"

விடயத்தைச் சொன்னேன். "நீங்க அரபு வாசிப்பீங்களே," என்றேன்.

"வாசிக்கத் தெரியும் சேர். சின்ன வயசில இருந்து ஓதுறது. கருத்துத்தான் தெரியா." திரையை உற்றுப் பார்த்தார். "குர்ஆன்ல எழுத்துக்கு மேல கீழ குறி ஈக்கும், இதில ஒண்ணையும் காணமே. குறி இல்லாம நான் எப்பிடி ஓதுற?"

எல்கடுவப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "எனக்கு அரபு பேசத் தெரியும். எழுத்துத்தான் தெரியாது. நாநா, நீங்க எப்பிடியாவது வாசிங்க. நான் என்னான்னு சொல்றேன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். அவர் கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இஃ... இஃதாதாத்."

"அது தெரியாது. அடுத்தது."

"ஸூரா... இல்ல, ஸூரத்."

"படம். வேணாம். அடுத்தது."

"ஸவ்த்."

"ஸோத்! சத்தம்! எங்க மேடம் வெடிஞ்சதுல இருந்து கத்துவா, ஸோத், ஸோத்துன்னு. சத்தத்தக் கொறடின்னு அர்த்தம். அதுல வைங்க ஐயா, மொதல்ல இவ சத்தத்தக் கொறைப்போம்."

"தங்கச்சி, நீங்க கொஞ்சம் பொறுங்க. இந்தா கீழ ஒண்ணு ஈக்கி. அல்... லுகா?"

"லுகாவா? லுஃகா! பாஷை! அதுதான் நாநா, அதுதான்! ஐயா, அமுக்குங்க, அமுக்குங்க!"

அமுக்கினேன். மொழிகளின் வரிசை வந்தது. ஆங்கிலம் ஆங்கில எழுத்தில் இருந்தது. அதற்கு மட்டும் நான் தேவைப்பட்டேன். குரல் ஆங்கிலத்துக்கு மாறி, அதே உரத்த தொனியில் எங்களை வரவேற்றது. ஹாஜியார் நெற்றியைத் துடைத்தார். "ஓதிக் குடுத்த ஹஸரத் இப்ப இருந்திருந்தா, என்னை வெளியில நிக்க வச்சிருப்பாரு," என்றார்.

பழைய டிஷ் பெட்டியைப் புதிய வயரால் இணைத்ததும் மைதானம் வந்தது. நான் அவளுடைய கதிரையை வழக்கமான இடத்தில் போட்டேன்: நேராக அல்ல, திரைக்கு வலப்பக்கம் பார்த்தபடி, சற்றுக் கோணலாக. அதில் யாரும் உட்காரவில்லை. உட்கார வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

பந்து தெரிந்தது. கையை விட்டுப் புறப்படுவதும், தரையில் விழுவதும், மட்டையில் படுவதும், புல்லில் ஓடுவதும் எல்லாம். ஆட்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இதைத்தான் அவள் கேட்டாள். இது இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவையும் எழுதிவிட்டு அதை மட்டும் எழுதாமல் விட முடியாது.

இலங்கை அணி மோசமாக ஆடியது. ஐந்தாவது ஆளும் ஒன்றுமில்லாத பந்துக்குப் பிடி கொடுத்துவிட்டு வெளியேறியபோது, ஹாஜியார் தலையில் கை வைத்தார்.

"டீச்சர் இருந்தா இப்ப ஏசிக் கிழிச்சிருப்பாங்க."

அந்த வேலை செய்ய ஆள் இல்லாதது எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது எல்கடுவப் பெண் திரையை நோக்கி விரலை நீட்டி, அரபில், ஒரே மூச்சில், நீண்டதொரு வசனம் சொன்னார்.

"அஸ்தஃபிருல்லாஹ்!" ஹாஜியார் பாதி எழுந்துவிட்டார். "தங்கச்சி, இது எனக்கே வெளங்குது. அது கெட்ட பேச்சு."

"தெரியும் நாநா. எட்டு வருஷம் எனக்குச் சொன்னதுதானே. ஒருநாளாவது வேற யாருக்காவது சொல்ல வேணாமா?"

நான் சிரித்தேன். வாய்விட்டு, நீண்ட நேரம், இருமல் வரும்வரை. வீதியில் போனவர்கள் நின்று பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். பெண்டாட்டியைப் புதைத்த மண் காயவில்லை, மனுஷன் மெச் பார்த்துச் சிரிக்கிறான் என்று பேச்சு. சொன்னது உண்மை. பார்த்தேன், சிரித்தேன். அவர்கள் நின்று பார்த்ததால் பாதியில் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாலையில் செபமாலைக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது கடைசி ஓவர்கள் நடந்துகொண்டிருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் உள்ளே பார்த்துத் தயங்கினார்கள். ஒரு பெண் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"வாங்க, உக்காருங்க. சத்தத்த எடுத்துருவேன். படம் ஓடும். முடிய இன்னும் கொஞ்சந்தான்."

"படத்தையும் நிப்பாட்டினா என்ன சேர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நிப்பாட்ட மாட்டேன்."

உரத்துச் சொல்லவில்லை. இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். சத்தத்தை எடுத்தேன். செபமாலை தொடங்கியது. துக்க மறைபொருள்களைச் சொல்லி வரும்போது, முன் வரிசையில் முழங்காலில் நின்ற வயதானவர் ஒருவர், மணியை உருட்டிக்கொண்டே, அருள் நிறைந்த மரியே என்பதன் நடுவில் "அட" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் ஆட்டமிழந்தார். இலங்கை தோற்றது. நாங்கள் செபத்தை முடித்தோம். அதற்குப் பிறகே தொலைக்காட்சியை நிறுத்தினேன். அவள் சொன்னபடி, யார் வந்தபோதும் யார் போனபோதும், அந்தக் கதிரையை யாரும் அசைக்கவில்லை.

மறுநாள் மைத்துனி வந்தார். திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து செபித்தார். என்னுடன் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. அவருக்குத் தன் அக்காமீதிருந்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னுடையதில் அவருக்கு இருக்கலாம். இருக்கட்டும்.

முப்பதாம் நாளுக்கு முன்னரும் பின்னரும் நடந்த ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்த்தேன். எனக்குக் கிரிக்கட் அவ்வளவாக விளங்காது. ஹாஜியார் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து விளக்குவார். எல்கடுவப் பெண் பஸ் நேரம் பார்த்துப் பாதியில் எழுந்து போவார். கோயில் மண்டபத்துக்குத் தொலைக்காட்சி எப்போது வரும் என்று பங்குத் தந்தை கேட்கவில்லை. ஸ்கோர் கேட்டார். சொன்னேன்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

சுவரிலுள்ள துளையைச் சதுர முள்ளுக்கு ஏற்றபடி மாற்ற ஆள் பிடிப்பது. ரைஸ் குக்கர் காத்திருக்கிறது.

பேசும் குரலை நிறுத்துவது. எங்கே நிறுத்துவதென்று இப்போது தெரியும்.

மைத்துனியின் வெள்ளைச் சீலையைத் தோய்த்து, நாவுலவுக்குப் போய்க் கையில் கொடுப்பது. மன்னிப்புக் கேட்பது இதில் அடங்காது.

கல்லறைக்குக் கல் வைப்பது. எழுத்து உள்ளங்கை அளவுக்குக் குறையக்கூடாது என்று சிற்பியிடம் சொல்வது.

வெறும் பெட்டியை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து எறிவது.

திரையின் பிளாஸ்டிக்கை உரிப்பது. இது என் வேலை அல்ல.